நாங்கள் வீடு பார்த்த கதை

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

"கட்டின வீட்டுக்கு எட்டு வக்கணை" என்று எங்கள் அப்பாயி அடிக்கடி சொல்வார். ஒருவர் பாடுபட்டுக் கட்டி முடித்த வீட்டைப் பார்க்க வருகிறவர்கள், வாசல் சரியில்லை, சன்னல் சரியில்லை என்று எட்டுக் குற்றம் சொல்லிவிட்டுப் போவார்களாம். சென்ற ஆறு மாதங்களாகத் திருச்சி நகரின் தெருக்களில் அப்படிக் குற்றம் சொல்லிக்கொண்டு அலைந்தவர்கள் நாங்களே. நாங்கள் என்றால் அப்பா, அம்மா, அப்பாயி, அக்காமார் இருவர், கடைக்குட்டியாகிய இக்கட்டுரையாசிரியை ஆகிய ஆறு பேர்.

எங்கள் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறார். வருகிற ஜூன் மாதம் ஓய்வு பெறுகிறார். ஓய்வு பெற்றவர் சில மாதங்களுக்குள் குவார்ட்டர்சைக் காலி செய்துவிட வேண்டும். நாகப்பட்டினத்தில் இருந்த பணிமனை 1928-இல் பொன்மலைக்கு வந்தது. அதையொட்டி எழுந்த குடியிருப்பு இது. அகலமான தெருக்கள், வேப்ப மரங்கள், நேரம் சொல்லும் சங்கு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என்று எல்லாம் இங்கே உண்டு. நாங்கள் மூன்று பெண்களும் இங்கேதான் பிறந்து வளர்ந்தோம். பின்புறத்து முருங்கையை அம்மா நட்டார், முன்புறத்துச் செம்பருத்தியை அப்பாயி நட்டார். ஆயினும் வீடு எங்களுடையது அன்று. அதன் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் நாள்காட்டியில் நெருங்கிக்கொண்டே வருகிறது.

வீடு வாங்கப் போகிறோம் என்றதும் யோசனை சொல்லாதவர் யார்? பஞ்சப்பூரில் 2025 மே மாதம் புதிய பேருந்து முனையம் திறந்தாயிற்று, அந்தப் பக்கம் மனை வாங்கிப் போட்டால் விலை ஏறும் என்றார் மாமா. விலை ஏறும்வரை நாங்கள் எங்கே குடியிருப்பது என்பதை அவர் சொல்லவில்லை. காட்டூர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டைப் பார்த்தோம். தரையெல்லாம் கண்ணாடி போல் பளபளத்தது. ஆனால் இரண்டாவது மாடி. மின்தூக்கி பின்னால் வருமாம். எண்பத்திரண்டு வயது அப்பாயி முதல் படியிலேயே உட்கார்ந்துகொண்டு, "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, நான் இங்கயே குடியிருக்கேன்" என்று சொல்லிவிட்டார். பெரியத்தை வேறு விதமாகச் சொன்னார்: "மூணு பொண்ணுங்களை வச்சுக்கிட்டு இருக்கிற பணத்தை எல்லாம் செங்கல்லுல போடுவாங்களா? நகையா வாங்கி வை." அப்பா ஒன்றும் பதில் சொல்லவில்லை. எங்களுக்கு மட்டும் அன்று இரவு சோறு இறங்கவில்லை.

அதன் பிறகுதான் பாலக்கரை வீடு வந்தது.

பெரிய தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இருபுறமும் வீடுகள் நெருங்கி நிற்க, நடுவில் உள்ளது அந்த வீடு. மூன்று சென்ட் மனை. வாசலில் இரண்டு திண்ணைகள், நீண்ட நடை, அதைத் தாண்டினால் வானம் தெரியும் முற்றம், முற்றத்தைச் சுற்றி நான்கு அறைகள், பின்கட்டில் கிணறு. கொத்தனார் ஒருவரை அப்பா அழைத்து வந்திருந்தார். அவரோடு நாங்களும் அறை அறையாகச் சுற்றினோம். கூரை மெட்ராஸ் டெரஸ் என்றார். தேக்கு உத்தரங்களின் மேல் சட்டங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்து, அதற்கும் மேலே செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கொட்டி நாள் கணக்கில் இடித்து, கடைசியில் தட்டோடு பதிப்பார்களாம். "இப்ப இந்த வேலை தெரிஞ்ச ஆளு விரல் விட்டு எண்ணுற அளவுதான்" என்றார். அண்ணாந்து பார்த்தால் செங்கல் வரிசைகள் மீன்முள் போலத் தெரிந்தன. கீழே அறை குளுகுளு என்றிருந்தது. பங்குனி மாதத்து மதியம் அது!

கொத்தனார் கரணைப் பிடியால் சுவரைத் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். கெட்டியான இடத்தில் ஓர் ஓசை, காரை விட்டுப்போன இடத்தில் 'பொத்'தென்று வேறோர் ஓசை. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பது போல் இருந்தது. முடிவில் அவர் சொன்னது இது: சுவர் ஒன்றரைச் செங்கல் கனம், அடித்தளம் நன்று, வடக்குச் சுவரில் முழங்கால் உயரத்திற்கு ஓதம் ஏறியிருக்கிறது, அடுக்களை உத்தரம் ஒன்றில் கரையான். உத்தரத்தை மாற்றிவிடலாம். ஓதத்தைத் தடுக்கச் சுண்ணாம்புப் பூச்சையே மறுபடி பூச வேண்டும், சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே நின்று இன்னும் மேலே ஏறும். அப்பா எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அம்மாவின் சோதனை வேறு. கிணற்று நீரில் ஒரு பாட்டிலும் குழாய் நீரில் ஒரு பாட்டிலும் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டிலும் சோப்பைக் கரைத்துப் பார்த்தோம். கிணற்று நீரில் நுரையே வரவில்லை, திரித்திரியாக வெள்ளை மிதந்தது. கால்சியம், மக்னீசியம் உப்புகள் உள்ள கடின நீர் என்று வேதியியல் பாடத்தில் படித்ததை நாங்கள் ஒப்பித்தோம். அம்மா அதைக் காதில் வாங்காமல் துவரம்பருப்பை வேகப் போட்டார். குழாய் நீரில் பருப்பு மலர்ந்தது. கிணற்று நீரில் ஐந்து விசில் வந்த பிறகும் கொட்டை கொட்டையாகக் கிடந்தது. "குளிக்க, துவைக்கவே கஷ்டம், பாத்திரம் கழுவலாம்" என்பது தீர்ப்பு. நல்ல வேளையாக, காவிரிக் குடிநீர்க் குழாய் காலையில் ஒன்றரை மணி நேரம் வருகிறது. அதற்குள் பிடித்து வைக்க ஒரு தொட்டி கட்ட வேண்டும் என்று அப்பாவின் குறிப்பேட்டில் இன்னொரு வரி ஏறியது.

வீட்டை ஒரு நாளில் பார்த்துவிடலாம். அக்கம்பக்கத்தை அப்படிப் பார்க்க முடியாது என்பது அப்பாயியின் கருத்து. ஆகவே பல வேளைகளில் போனோம். விடியற்காலையில் காந்தி மார்க்கெட்டுக்குப் போகும் காய்கறி வண்டிகளின் சத்தம் சந்துக்குள்ளும் கேட்டது. புதன்கிழமை சகாய மாதா கோயிலுக்கு வரும் கூட்டத்தில் பெரிய தெருவைக் கடக்கவே நேரமாயிற்று. ஒரு பக்கம் கோயில் மணி, ஒரு பக்கம் பள்ளிவாசல் பாங்கு, ஆடி மாதம் வந்தால் அம்மன் கோயில் ஒலிபெருக்கி. படிக்கிற பிள்ளைகளுக்கு இது குறையா நிறையா என்று எங்களுக்குள் வாக்குவாதம் உண்டாயிற்று. பொன்மலையின் அமைதியில் வளர்ந்த பெரிய அக்கா குறை என்றாள். ஓசையில்லாத தெருவில் இரவில் நடக்கத்தான் பயம் என்றாள் சின்ன அக்கா.

உய்யக்கொண்டான் வாய்க்காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து வரும் சோழர் காலத்து வாய்க்கால் அது. எத்தனையோ வயல்களுக்கு உயிர் கொடுக்கிறது. ஆனால் நகரத்துக்குள் வரும்போது ஊர்ச் சாக்கடையையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் சந்துக்குள் வாடை வந்தது. வாய்க்கால் அருகில் என்றதும் அப்பாவுக்கு 1977 நினைவுக்கு வந்துவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் மாதம் புயல் மழையோடு வந்த வெள்ளத்தில் திருச்சியின் பல பகுதிகள் மூழ்கின. அப்பா அப்போது சிறுவர். வீட்டுக்காரர்களிடம் கேட்டால் வெள்ளம் வரவே இல்லை என்பார்கள் அல்லவா? எனவே அப்பாயியை எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் ஐஸ்கிரீம் சாப்பிடப் போனோம். திரும்பி வருவதற்குள், 1974-இல் கல்யாணமாகி அந்தச் சந்துக்கு வந்த பாட்டி ஒருவரோடு அப்பாயி சிநேகமாகிவிட்டிருந்தார். வெள்ளம் திண்ணையின் இரண்டாவது படிவரை வந்ததாம், நடைக்குள் ஏறவில்லையாம். இதோடு, எந்த வீட்டில் குடிப்பவர் இருக்கிறார், எந்த வீட்டு மருமகள் ஆசுபத்திரியில் நர்சு, ராத்திரியில் உடம்புக்கு முடியாமல் போனால் யார் ஆட்டோவை எடுத்து வருவார் என்பவையும் தெரிந்துவிட்டன. வில்லங்கச் சான்றில் இவையெல்லாம் வராது.

கார் சந்துக்குள் நுழையாது என்று அப்பா வருத்தப்பட்டபோது, "என்னைத் தூக்கிக்கிட்டுப் போக நாலு பேர் வர இடம் இருந்தாப் போதும்" என்றார் அப்பாயி. எங்களுக்குச் சிரிப்பு வந்தது, அம்மாவுக்குக் கோபம் வந்தது.

எங்கள் மூவரின் சோதனை இதுதான். மாலை ஏழரை மணிக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து அந்த வீட்டு வாசல்வரை, அப்பா இருபது அடி பின்னால் வர, நாங்கள் மட்டும் நடந்து பார்த்தோம். விளக்குக் கம்பங்கள் பதினொன்று, எரிந்தவை ஏழு. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. சந்தின் திருப்பத்தில் மட்டும் நல்ல இருட்டு. அதைத் தாண்டியதும் ஒரு திண்ணையிலிருந்து, "யார் வீட்டுப் பிள்ளைங்க?" என்று ஒரு குரல் கேட்டது. பதில் சொல்லிவிட்டு நடந்தோம். யாராவது கேட்கிற தெரு நல்ல தெருதான் என்று முடிவு செய்தோம்.

இப்போது சொல்ல வேண்டியவரைப் பற்றிச் சொல்கிறோம். முதல் நாள் நாங்கள் போனபோது கதவைத் திறந்தவர் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். பள்ளி ஒன்றில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். முற்றத்து ஓரத்து அறையில் ஒரு தையல் இயந்திரம், ஒரு கட்டில், புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்காகத் தைத்துத் தொங்கவிட்ட வெள்ளைக் கவுன்கள். எங்களுக்குக் காபி கொடுத்தார். எந்த அறையில் மழைக்கு ஒழுகும், எந்தச் சன்னல் காற்றில் அடிக்கும் என்பதைத் தாமாகவே காட்டினார். விற்கிற வீட்டின் குறையை யாராவது இப்படிச் சொல்வார்களா என்று அம்மா வியந்தார். தரகரிடம் கேட்டபோது, "பின்கட்டுல ஒரு அம்மா இருக்காங்க சார், காலி பண்ணிடுவாங்க. மூணு அண்ணன் தம்பி, மூணு கையெழுத்து, வேலை முடிஞ்சுது" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, அப்பா பத்திர நகல்களைக் கூடத்தில் பரப்பினார். பத்திரத் தமிழ் எங்களுக்குப் புதிது. 'மாமூல் வழிநடைப் பாத்தியம்', 'கிணற்றுப் பாத்தியம்' என்று சின்ன அக்கா உரக்கப் படிக்க, நாங்கள் சிரித்துச் சிரித்துக் கேட்டோம். மூலப்பத்திரம் 1961-இல் அந்த டீச்சரின் தந்தை பெயரில் எழுதியது. அவரும் அவர் மனைவியும் காலமான பின் வாங்கிய வாரிசுச் சான்றிதழ் கடைசியில் இருந்தது. அக்கா விரல்விட்டு எண்ணினாள். மகன்கள் மூவர். நான்காவதாக ஒரு மகள்.

எங்களுக்குக் காபி கொடுத்தவரின் பெயர் அது.

மறுநாள் அப்பா தமக்குத் தெரிந்த வழக்கறிஞரைப் பார்த்து வந்தார். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்துமாம். உயில் இல்லாத தகப்பன் சொத்தில் அந்தச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்புரிமை உண்டு என்பதைத் தமிழ்நாடு 1989-இல் சட்டமாக்கியது. நாடு முழுவதற்கும் அது 2005-இல் வந்தது. ஆக, அந்த வீட்டில் நான்கில் ஒரு பங்கு டீச்சருடையது. அவரிடம் விடுதலைப் பத்திரம் ஒன்றில் கையெழுத்து வாங்கிவிட்டால் மூவரும் விற்கலாம். அவர் மனமொப்பிக் கொடுத்தால் அதில் சட்டக் குற்றம் ஒன்றுமில்லை. மனமொப்பி என்ற சொல்லை அப்பா இரண்டு முறை சொன்னார்.

அம்மாவும் நாங்களும் டீச்சரைப் பார்க்கப் போனோம். கேட்க வாய் வரவில்லை. கடைசியில் அம்மா மெல்லக் கேட்டார். டீச்சர் தைத்துக்கொண்டே பதில் சொன்னார்: "பதிவு அன்னிக்கு வந்து கையெழுத்துப் போடணும்னு பெரியவர் சொல்லியிருக்கார். போடுவேன். அண்ணன் தம்பிங்க கிட்ட கணக்குப் பாக்க முடியுமா? எங்க போவேன்னுதான் யாரும் கேக்கலை." பெற்றோர் இருவரையும் கடைசிவரை அந்த வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் அவர் என்று எதிர்வீட்டுப் பாட்டி முன்பே அப்பாயியிடம் சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பெரிய விவாதம். விலை நமக்குக் கட்டுப்படியாகிற விலை (எவ்வளவு என்று எழுத அப்பா சம்மதிக்கவில்லை). விலையில் 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். பத்து லட்சத்திற்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை உண்டாம். எங்கள் கணக்கு அதைத் தாண்டிவிட்டது. உத்தரம், ஓதம், தொட்டி எல்லாம் சேர்த்து அப்பாவின் ஓய்வுத்தொகையில் பெரும்பகுதி போய்விடும். இதைவிட மலிவாக இனி கிடைக்காது. "அவங்க குடும்பச் சண்டையில நாம ஏன் தலை கொடுக்கணும்? அந்தம்மாவே போடுறேன்னு சொல்றாங்களே" என்றார் மாமா. அம்மாவும், "ஊரைத் திருத்தவா வீடு பாக்கக் கிளம்பினோம்?" என்று அழுதுவிட்டார். அம்மாவைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. முப்பது ஆண்டுகளாக அடுத்தவர் சுவரில் ஆணி அடிக்க அனுமதி கேட்டு வாழ்ந்தவர் அவர்.

அப்போது, வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பாயி பேசினார். லால்குடிப் பக்கத்தில் தம் தகப்பனார் வைத்துவிட்டுப் போன நிலத்திற்குத் தம்மிடம் கைரேகை வாங்கினார்களாம். "ஒரு சேலை எடுத்துக் குடுத்தாங்க. பச்சை வாயில் சேலை. நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அறுபது வயதை எட்டும் அப்பாவே அதை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டார்.

அப்பா எழுந்து வாசலுக்குப் போய், மூத்த சகோதரருக்குத் தொலைபேசியில் பேசினார். சன்னலுக்குப் பின்னால் நின்ற எங்கள் காதில் விழுந்தது இது: "நாலு பேரும் விற்கிறவங்களாகக் கையெழுத்துப் போடணும் சார். பணத்தை நாலு டிராஃப்டா தர்றேன். தங்கச்சி பங்கு அவங்க பேர்லதான் இருக்கும்." மறுமுனையில் என்ன சொன்னார்களோ, அப்பா, "உங்க குடும்ப விஷயந்தான் சார். அந்த வீட்டுல நாளைக்கு என் பொண்ணுங்க இருக்கணுமே" என்று முடித்துவிட்டார்.

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. வேறொருவர் வந்து பார்த்துவிட்டுப் போனதாகத் தரகர் பயமுறுத்தினார். அம்மா காட்டூர் வீட்டின் மின்தூக்கி வந்துவிட்டதா என்று விசாரிக்கத் தொடங்கினார். நாங்கள் தேர்வுக்குப் படித்தோம். படித்தது தலையில் ஏறியதா என்று கேட்காதீர்கள்.

நான்காவது வாரம் மூத்தவர் நேரிலேயே வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. நான்கு பேரும் கையெழுத்திடுவதாகச் சொன்னார்; ஆனால் விலையை ஓரளவு ஏற்றினார். அந்த ஏற்றத்திற்காக அம்மாவின் இரண்டு வளையல்கள் போயின. பெரியத்தைக்கு இன்னும் தெரியாது, இந்த மலரை அவர் படிக்கமாட்டார் என்று நம்புகிறோம்.

டீச்சர் தம் பங்குப் பணத்தில் அதே சந்தில் ஒத்திக்கு ஓர் அறை பார்த்துக்கொண்டிருக்கிறார். கிடைக்காவிட்டால் ஓரத்து அறையிலேயே வாடகைக்கு இருக்கட்டும் என்கிறார் அப்பாயி. அந்த அறையைப் படிப்பறையாகக் கனவு கண்ட அக்காமார் இருவரும் இன்னும் வாய் திறக்கவில்லை. தையல் இயந்திரச் சத்தத்தில் படிக்க முடியுமா என்பதும், இல்லை என்று அவரிடம் யார் சொல்வது என்பதும் தீராத கேள்விகளாக இருக்கின்றன.

வருகிற சனிக்கிழமை முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதுகிறோம். நேற்று மாலை கொத்தனாரோடு மறுபடி போனபோது சின்ன அக்கா விளக்குக் கம்பங்களை எண்ணினாள். ஒன்பது எரிந்தன. திருப்பத்தில் இருப்பது இன்னும் எரியவில்லை.